வேரைக் காட்டும் கருவி, கையைக் காட்டாது

யானைக்கவுனி, கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய மதிலின் வாயில்களில் ஒன்று. அதற்கு வடக்கே வண்ணாரப்பேட்டை: கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்தவர்களின் ஊர்.

சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இத்தகைய துணிகளை ஆராயும் விஞ்ஞானி, சில மில்லிமீட்டர் நூலில் இருந்து சாயத்தைக் கரைத்தெடுத்து, நிறப்பிரிகைக் கருவியில் செலுத்துகிறார். அலிசரின் தெரிகிறது, ஐரோப்பிய மேடர் வேரில் உள்ள பர்ப்யூரின் தெரியவில்லை. அப்படியென்றால் அது பெரும்பாலும் நம் கடலோர மணலில் தோண்டிய சாயவேர்.

கடுக்காயில் ஊறிய துணியில் படிகாரம் தொட்ட இடத்தில்தான் அந்தச் சிவப்பு பிடிக்கும். மற்ற இடத்தில் ஒட்டிய கறையைச் சாணத்திலும் வெயிலிலும் போட்டு வெளுத்தால்தான் பூ தெரியும். வெளுப்பு இல்லையேல் ஓவியம் இல்லை.

1868இல் ஜெர்மனியில் கிரேபெயும் லீபர்மானும் அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள். அது சந்தைக்கு வந்ததும் வேர் தோண்டியவர்களின் பிழைப்பு சரிந்தது.

வெளுத்தவர்களை இச்சமூகம் எப்படி நடத்தியது? திருநெல்வேலிப் பகுதியில் தலித்துகளுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்கள், கண்ணில் பட்டாலே தீட்டு என்று இரவில் மட்டும் நடமாட வைக்கப்பட்டது 1932இல் பதிவானது. அவர்கள் வேறு, வண்ணாரப்பேட்டையார் வேறு. ஆனால் வெளுக்கும் வேலையின் மேல் சாதி ஏற்றிய இழிவு ஒன்றே.

தோழர்களே, வேதியியல் படியுங்கள், அருங்காட்சியகக் கூடங்களுக்குள் நுழையுங்கள். கருவி வேரின் பெயரைச் சொல்லும். உழைத்த கையின் பெயரை விளக்க அட்டையில் நாம்தான் எழுத வேண்டும்.