பிரட்டுக்களமும் பேச்சவையும்

பலர் கூடி ஒரு பொருளைப் பற்றி உரையாடுவதற்கு இரண்டு தகுதிகள் வேண்டும். இடமும் கேட்போர் நிலையும் அறிந்து பேசுவது ஒன்று. அஞ்சாமல் பேசுவது மற்றொன்று. திருவள்ளுவர் இவற்றுக்கு அவையறிதல், அவையஞ்சாமை எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்து, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையாயின் அவை ஊனமுறும் என்பதற்கு இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாறு தக்க சான்றாகும்.

நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள கந்தப்பளை, கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கும் மேலே, தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர். நானுஓயாவிலிருந்து ராகலை வரை முன்னாளில் ஓடிய சிறிய புகைவண்டி இவ்வூர் வழியே சென்றது. மலையில் விளைந்த தேயிலை கொழும்புக்கு இறங்கிச் செல்ல வழி இருந்தது. தொழிலாளியின் சொல் செல்லத்தான் வழி இல்லை.

அக்காலத்துத் தோட்டங்களில் விடியுமுன் தப்பொலி கேட்கும். லயங்களிலிருந்து ஆணும் பெண்ணும் வந்து பிரட்டுக்களத்தில் அணிவகுத்து நிற்பர். துரையின் ஆணை கணக்கப்பிள்ளைக்கும், அவரிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து தொழிலாளிக்கும் படிப்படியாக இறங்கி வரும். கீழிருந்து மேலேறிச் செல்லும் சொல் அரிது. ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்றே வழங்கினர். வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’. செக்ரோலில் பேர் இருந்தது. பேருக்குரியவருக்குப் பேச்சு இல்லை.

அக்களத்தில் அடக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது அச்சம் விளைத்த அடக்கம். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலையை இழந்தவர் குடியிருப்பையும் இழந்தார். இந்நிலையில் வாய் திறப்பவர் யார்?

தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர், இவ்வாய்ப்பூட்டைத் திறக்க அச்செழுத்தைக் கருவியாகக் கொண்டார். 1921-இல் ‘தேசநேசன்’, 1924-இல் ‘தேசபக்தன்’ ஆகிய இதழ்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. தோட்டங்கள் தனியார் நிலமாதலால் வெளியார் எளிதில் உள்ளே செல்ல இயலாது. அவர் துணி வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்றதாக மலையக வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர்.

எழுத்தறியாதவர் மிகுந்த இடத்தில் அச்சிட்ட தாளால் என்ன பயன் எனச் சிலர் வினவக்கூடும். ஒருவர் உரக்கப் படித்தால் பலர் கேட்கலாம்; கேட்டவர் பிறருக்குச் சொல்லலாம். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி, அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். படிக்க இயலாதவரும் பாட்டை மனத்திற் கொண்டு லயத்துக்குத் திரும்பினர். தனித்தனி அறைகளில் முணுமுணுப்பாக இருந்த குறை, இவ்வாறு பலரும் பேசும் பொதுப்பொருளாயிற்று.

அச்சம் தெளிந்தபின் ஒழுங்கு தேவைப்பட்டது. 1931-இல் நடேசய்யர் அட்டனில் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1935-இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். பேச்சுக்கு இடமில்லாத இடத்தில் எது பேசும் என்பதை நாடு அன்று கண்டது.

அதே ஆண்டில் ஊவாப் பகுதியின் வேவெஸ்ஸத் தோட்டத்தில் புதுமையொன்று நிகழ்ந்தது. தொழிலாளர் தம்முள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையுடன் கலந்து பேசி நடக்கத் துரையும் உடன்பட்டார். ஆணையிட்ட வாய் கேட்கவும், கேட்ட செவிக்குரியவர் பேசவும் நேர்ந்த தருணம் அது. அவ்வாண்டிலேயே முதலாளிமாரும் தொழிற்சங்கத்தாரும் செய்த ஏழு அம்ச உடன்படிக்கை, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் முறையை வகுக்க முயன்றது.

எனினும் தோட்டத்தில் கிடைத்த பேச்சுரிமை நாட்டின் பேரவையில் நிலைக்கவில்லை. 1947-இல் மலைநாட்டுத் தமிழர் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர்; வாக்கும் அவர்களை விட்டு நீங்கியது. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது. இடையே கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

முன்பேசியவர் சொல்லை முழுதும் கேட்டபின் மறுமொழி கூறுதல், எடுத்த பொருளை விட்டு விலகாமை, கருத்தை மறுக்கையில் ஆளை இகழாமை ஆகியவை எந்த அவைக்கும் உரிய பண்புகள். ஆயினும் இவ்விதிகள் துரைக்கும் தொழிலாளிக்கும் ஒன்றாக அமையும்போதுதான் அவை பண்பெனப்படும். ஒருவருக்கு மட்டும் விதித்தால் அது வாய்ப்பூட்டேயாகும். பிரட்டுக்களத்தில் நிலவிய அமைதியை இசைவெனக் கொண்டோர், அது அச்சமென்பதை அறியப் பல்லாண்டுகள் சென்றன. ஓர் அவை அமைதியாக இருக்கக் காணும்போது, அங்கே பேச இடம் பெறாதவர் யாரெனக் கேட்டறிவதே அவையறிதலின் முதற்படி.