ஏரிக்கரை யாருக்கு? - லேக் கவுண்டியின் கதை

சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையோரமாக விஸ்கான்சின் எல்லைவரை நீள்கிறது இல்லினாய் மாநிலத்தின் லேக் கவுண்டி. பெயரிலேயே ஏரி இருக்கிறது. அந்த ஏரியின் கரை யார் யார் கைக்குப் போயிற்று என்று பார்த்தால்தான் இப்பகுதியின் வரலாறு விளங்கும் என்பது என் எண்ணம்.

முதலில் அது பொட்டவாட்டமி மக்களின் நிலம். 1833ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை அவர்களை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பியது. 1839இல் கவுண்டி உருவாயிற்று. 1841இல் அதன் தலைமையிடம் 'லிட்டில் ஃபோர்ட்' என்னும் கரையோரச் சிற்றூருக்கு மாறியது. ஊர் வளர்ந்ததும் 'சிறிய' என்ற அடைமொழி மக்களுக்கு உறுத்தியது போலும். 1849இல் வாக்கீகன் என்று பெயர் மாற்றிக்கொண்டனர். அது கோட்டையைக் குறிக்கும் பொட்டவாட்டமிச் சொல். ஆட்களை வெளியேற்றிவிட்டு அவர்கள் சொல்லை மட்டும் வைத்துக்கொள்வது எல்லாக் குடியேற்றங்களுக்கும் பொதுவான வழக்கம்தான்.

1855இல் இரயில் வந்தது. சிகாகோவின் செல்வந்தர்கள் தெற்குப் பகுதியின் உயர்ந்த கரைமேடுகளைத் தேர்ந்துகொண்டார்கள். 1857இல் திட்டமிடப்பட்ட லேக் ஃபாரஸ்ட் நகரின் தெருக்கள், ஏரியை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்குகளையொட்டி வளைந்து வளைந்து செல்பவை. சிகாகோவின் ஹேமார்க்கெட் கலவரத்துக்கு (1886) அடுத்த ஆண்டே, தொழிலாளர் கிளர்ச்சிகளுக்கு அஞ்சிய வணிகப் பிரமுகர்கள் அருகிலேயே நிலம் வாங்கி இராணுவத்துக்கு அளித்தார்கள். அவ்வாறு எழுந்த ஷெரிடன் கோட்டையின் படைகள் 1894 புல்மன் வேலைநிறுத்தத்தின்போது சிகாகோவுக்கு அனுப்பப்பட்டன. அழகிய கரைக்கு ஒரு காவல்!

வடகோடியில் நிகழ்ந்தது வேறொரு விந்தை. ஜான் அலெக்சாண்டர் டோவி என்ற மதபோதகர் 1901இல் சீயோன் நகரை நிறுவினார். மது, புகையிலை, பன்றி இறைச்சி, நாடக அரங்கு, மருத்துவர் என அனைத்துக்கும் தடை. பிழைப்புக்கு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து ஒரு லேஸ் ஆலை. கடன் முற்றி, 1906இல் சீடர்களே டோவியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். மறுவருடம் அவர் இறந்தார். வாரிசாக வந்த வொலிவா, பூமி தட்டையானது என்று பல்லாண்டு பிரசாரம் செய்தார். அதே நகரின் கரையில் 1973 முதல் 1998 வரை ஓர் அணுமின் நிலையம் இயங்கியது என்பதை எண்ணினால் புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை.

இவ்விரு முனைகளுக்கும் இடையில் அகப்பட்டது வாக்கீகன். அதன் கரையைத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன: கம்பி ஆலை, கல்நார் ஆலை, படகு எஞ்சின் ஆலை. வேலை கிடைத்தது, ஏரி மறைந்தது. 1970களில் துறைமுகத்தின் அடிச்சேற்றில் பிசிபி என்னும் நச்சுவேதிப்பொருள் கண்டறியப்பட்டது. படகு எஞ்சின் நிறுவனம் 2000இல் திவாலாயிற்று. தூர்வாரும் பணியோ 2010களிலும் தொடர்ந்தது.

போருக்குப் பிந்தைய வளர்ச்சி கரையைவிட்டு விலகி உள்நாட்டு வயல்களின்மீது பரவியது. 1950இல் சுமார் 1.79 லட்சமாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 2.93 லட்சமாயிற்று. 1958இல் சுங்க நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் கார் வைத்திருப்பவருக்குச் சிகாகோ பக்கத்து ஊராகிவிட்டது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 7.14 லட்சம். இவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து ஏரியைக் காண முடியாதவர்கள்.

நம் வாசகர்களுக்கு வாக்கீகன் வேறொரு பெயரில் அறிமுகம். 1920இல் அங்கே பிறந்த ரே பிராட்பரி, அதைத்தான் 'கிரீன் டவுன்' ஆக்கினார். சிறுவர்கள் இரவில் அஞ்சிக் கடக்கும் அந்தப் பள்ளத்தாக்கும் கற்பனையன்று. லேக் ஃபாரஸ்டில் மாளிகைகளின் கொல்லைப்புறமாக இருப்பதைப் போன்ற அதே வகைப் பள்ளம், இங்கே இன்று அவர் பெயர் தாங்கிய பொதுப் பூங்காவாக இருக்கிறது.