சின்னத்தின் பின்புறம்: போலந்துப் படைப்பள்ளிகள் விட்டுச்சென்ற சான்றுகள்

போலந்து நாட்டின் பழைய படைப்பள்ளிச் சின்னம் ஒன்று கைக்கு வந்தால், நாம் முதலில் காண்பது முகப்பைத்தான்: முடி சூடிய கழுகு, எனாமல் ஏற்றிய சிலுவை, பள்ளிப் பெயரின் முதலெழுத்துகள். தேர்ந்த சேகரிப்பாளரோ அதை உடனே புரட்டிப் பார்ப்பார். இன்று நாமும் அவ்வாறே செய்வோம்.

அதற்குமுன் அந்நாட்டில் படைப்பள்ளி பெற்றிருந்த இடத்தை அறிதல் வேண்டும். 1830 நவம்பர் 29ஆம் நாள் இரவு, வார்சாவில் ரஷ்ய ஆட்சிக்கு எதிரான எழுச்சியைத் தொடங்கியவர்கள் பியோத்தர் விசோட்ஸ்கி தலைமையிலான படைப்பள்ளி மாணவர்களே. 1918இல் நாடு மீண்டும் விடுதலை பெற்றபின், தெம்ப்லினில் விமானப்படைக்கும் தோருனில் பீரங்கிப்படைக்கும் பள்ளிகள் எழுந்தன. லிவூவ் முதலிய நகரங்களில் சிறுவர்க்கான கேடட் பள்ளிகளும் இருந்தன. நாம் பேசும் சின்னங்களுள் பெரும்பாலானவை 1918க்கும் 1939க்கும் இடைப்பட்டவை.

இப்போது பின்புறத்திற்கு வருவோம். காதுத்தோட்டில் உள்ளதைப் போன்றே இங்கும் ஒரு திருகாணியும் அதை இறுக்கும் வட்டச் சுரையும் உண்டு. மார்பின் இடப்பக்கத்தில் சட்டைத் துணியைத் துளைத்து இதைப் பொருத்தினர். சுரையில் பட்டறைக்காரரின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். போர்க்காலத்தில் அந்த ஊர் மாறுகிறது. வார்சாவிற்குப் பதில் மிலான் அல்லது லண்டன் என்று காண்கிறோம். நாடிழந்த படை சென்ற வழியை ஒரு சிறு சுரை சொல்லிவிடுகிறது.

அதனினும் அரியது எண். பல சின்னங்களின் பின்புறத்தில் வரிசை எண் ஒன்று இருக்கும். சின்னத்தோடு வழங்கிய சான்றிதழில் அதே எண், பெற்றவரின் பெயருடன் எழுதப்பட்டது. ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் உரியவர் ஒருவர் இருந்தார்.

அவர் எப்போதும் தொழில்முறைப் படைவீரர் அல்லர் என்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் கருதிப் பார்க்க வேண்டும். உயர்நிலைக் கல்வி முடித்த இளைஞர்கள் சேமப்படை அதிகாரிகளுக்கான பள்ளிகளில் பயின்று, பின்னர் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் பணியாற்றினர். போர் மூண்டபோது அவர்களே மீண்டும் சீருடை அணிந்தனர். 1940இன் வசந்தத்தில் காட்டின் காட்டிலும் பிற இடங்களிலும் சோவியத் காவல்துறை சுட்டுக்கொன்ற ஏறத்தாழ 22,000 போலந்துக் கைதிகளுள் இத்தகையோர் மிகப் பலர். மாஸ்கோ இக்குற்றத்தை ஒப்புக்கொண்டது 1990இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் போலந்திலேயே உண்மையை வெளிப்படையாகப் பேச இயலவில்லை. அரசின் கழுகுக்குக்கூட முடி இல்லாதிருந்தது. முடி சூடிய பழைய சின்னம் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது அன்று சிறு செய்தியன்று.

போலிகளும் மிகுதி. அசல் சின்னம் அச்சில் அடிக்கப்பட்டது. அதன் சிறகுக் கோடுகள் கூர்மையானவை. அசலைக் கொண்டே அச்செடுத்து வார்த்த போலியில் கோடுகள் மழுங்கும். உலோகம் குளிர்ந்து சுருங்குவதால் அளவும் சற்றே குறையும். உண்மை எனாமல் உலையில் உருகிய கண்ணாடி. போலியில் பெரும்பாலும் வண்ணப் பிசின். துலக்கிப் பளபளக்கச் செய்தால் அசலும் தேய்ந்து மழுங்கும் என்பதால், அவ்வழக்கத்தை நாம் ஏற்பதில்லை.

ஆயினும் போலியை விடப் பிரிவே பெருங்கேடு என்பது நம் கருத்து. வணிகர் சிலர் சின்னத்தை ஒருவருக்கும் சான்றிதழை மற்றொருவருக்கும் விற்கின்றனர், இரட்டை ஆதாயம். எண் ஓர் ஊரின் பெட்டியில் கிடக்க, பெயர் வேறோர் ஊரின் பெட்டியில் கிடக்கிறது.