பலகையில் கோடு, பக்கத்தில் கட்டம்: பெடல் ஸ்டீல் கிட்டார் கதை

பெடல் ஸ்டீல் கிட்டார்னு ஒண்ணு இருக்கு மக்களே. அமெரிக்க கன்ட்ரி பாட்டுல பின்னாடி யாரோ விசும்புற மாதிரி ஒரு சத்தம் இழுத்துக்கிட்டே போகுமே, அதேதான். பார்க்க மேஜை மாதிரி இருக்கும். 10 கம்பி, காலுக்கு மூணு பெடல், முழங்காலுக்கு நாலைஞ்சு லீவர். பொட்டி தட்டுற நேரம் போக இதோட மல்லுக்கட்டுற எனக்கு, இதை வாசிக்க உதவுற கோடும் கட்டமும் எப்படி வந்துச்சுங்கறது தனி சுவாரசியம்.

கதை ஹவாயில் ஆரம்பிக்குது. 1880களின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற பையன் கம்பிமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிச்சான்னு சொல்றாங்க. கம்பியை அழுத்தாம மேலே வழுக்கினா, ஃப்ரெட்டுக்கு (நம்ம வீணையின் மெட்டு மாதிரி) வேலையே இல்லை. 1930களில் மின்சார ஸ்டீல் கிட்டார் பரவியபோது பெரும்பாலானவற்றில் ஃப்ரெட் வெறும் கோடாயிடுச்சு. சாதா கிட்டார்ல ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னால அழுத்தினாலும் சுதி சரியா வரும். இங்கே உருளை கோட்டுக்கு நேர் மேலே நிக்கணும். கண்ணைச் சாய்ச்சுப் பார்த்தா போச்சு, அபஸ்வரம். நாஷ்வில்லில் ஷாட் ஜாக்சனும் படி எம்மன்ஸும் 1950களில் ஆரம்பிச்ச ஷோ-பட் கம்பெனி, கோடுகளுக்கு நடுவே சீட்டுக்கட்டு ஆர்ட்டின், ஸ்பேடு எல்லாம் போட்டு அழகு பார்த்தது!

1954-ல வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டு வந்தது. அதுல பட் ஐசக்ஸ், ஸ்வரம் ஒலிச்சுக்கிட்டு இருக்கும்போதே பெடலை மிதிச்சார். கேட்டவங்க எல்லாரும் பெடலுக்கு ஓடினாங்க. குழப்பமும் கூடவே வந்துச்சு. ஐசக்ஸ் ஒரே பெடலில் செஞ்ச ரெண்டு மாற்றத்தை எம்மன்ஸ் ரெண்டு பெடலாப் பிரிச்சார். ஜிம்மி டே அதே பெடல்களைத் தலைகீழ் வரிசையில் வெச்சுக்கிட்டார். ஆளாளுக்கு ஒரு அமைப்பு. "மூணாவது ஃப்ரெட்"னு சொன்னா மட்டும் என்ன ஸ்வரம்னு தெரியாது.

இதுக்குத் தீர்வுதான் 'கோபீடன்ட்' என்ற அட்டவணை. பேரை வெச்சவர் டாம் பிராட்ஷா. வரிசையா கம்பிகள், மேலே பெடல்கள், கட்டத்துக்குள்ள எந்த ஸ்வரமா மாறுதுங்கறது. என் பாஷையில சொன்னா கான்ஃபிக் ஃபைல். வின்னி வின்ஸ்டனும் பில் கீத்தும் 1975-ல எழுதின புத்தகம் இந்த மாதிரி விஷயங்களை வீட்டிலிருந்து கத்துக்கறவங்க கையில கொண்டு சேர்த்தது.

எனக்கு ரொம்ப உதவினது ஒரு துண்டுச் சீட்டு. ஈ9 அமைப்பில் ஜி மேஜர் மூணு இடத்தில் கிடைக்கும்: பெடல் இல்லாம 3-வது ஃப்ரெட், ஏ பெடலும் எஃப் லீவரும் சேர்ந்தா 6, ஏ-யும் பி-யும் மிதிச்சா 10. ஏ மேஜர் வேணுமா? எல்லாத்தையும் ரெண்டு தள்ளு: 5, 8, 12. இது மண்டைல ஏறினதும் பலகையே வேற மாதிரி தெரிஞ்சுது.

ஆனா கோடும் கொஞ்சம் பொய் சொல்லும். அது 12 சம பங்கு கணக்குப்படி போட்டது. அந்தக் கணக்கில் மேஜர் மூன்றாம் ஸ்வரம் 400 சென்ட், காதுக்கு இனிக்கிறது சுமார் 386. அதான் பல பேர் அந்தக் கம்பியைச் சற்றுத் தாழ்த்தியே சுதி சேர்க்கறாங்க. பெடலை மிதிச்சா உடம்பு லேசா வளைஞ்சு மத்த கம்பிகளும் இறங்கும். கோட்டை நம்பி தெரு வரைக்கும் போகலாம், வீட்டைக் காதுதான் கண்டுபிடிக்கணும்.

நம்ம கோட்டுவாத்தியத்துல மெட்டே கிடையாது. வாசிக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, இடம் எப்படிப் புடிக்கறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்களேன் :-)