ஈட்டி மேசைக்கு எத்தனை வயசு?

தக்கலைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் மூத்தாசாரி ஒருவர் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறைப் பழக்கம். எங்கள் வீட்டு அலமாரி, ஊஞ்சல் பலகை, நான் படித்த டெஸ்க் எல்லாம் அவர் கை, அல்லது அவருடைய அப்பா கை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போன வருஷம் ஒருநாள் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு காயிதம் வந்திருக்கு. முழுக்க இங்கிலீஷ். நம்ம மேசை என்ன மூச்சு விடுதுன்னு கேக்கானுவ போல. நீ ஒருதடவ வந்து பாத்துச் சொல்லு மக்கா."

போய்ப் பார்த்தேன். ஒரு புது அலுவலகக் கட்டிடம் பசுமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறது. அதற்கு மேசைகளும் நாற்காலிகளும் செய்யும் ஆர்டர் இவருக்கு வாய்மொழியாகக் கிடைத்திருந்தது. இப்போது அவர்களுடைய ஆலோசகர், ஒவ்வொரு சாமானுக்கும் உமிழ்வுச் சோதனை அறிக்கை வேண்டும் என்கிறார். ANSI என்பதை 'ஆன்சி' என்றும் BIFMA என்பதை 'பிஃப்மா' என்றும் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். (தமிழில் எழுதும்போது ஆன்சி/பிஃப்மா எம்7.1 என்றே வைத்துக்கொள்கிறேன்.) ஆசாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தேக்கும் அயனியுமாக்கும் போடுதேன். இதுல என்ன சோதிக்கணும்?" என்றார்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் குறிப்பு இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் அந்தச் சோதனை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு மூடிய அறைக்குள் நாற்காலியையோ மேசையையோ வைப்பார்கள். 23 டிகிரி சூடு, 50 சதவீதம் ஈரப்பதம், அளந்து விடப்படும் சுத்தமான காற்று. ஏழு நாள், அதாவது 168 மணி நேரம் கழித்து, வெளியே வரும் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். முக்கியமாகத் தேடுவது இரண்டு. ஒன்று ஃபார்மால்டிஹைடு. மற்றது வி.ஓ.சி. என்று சுருக்கிச் சொல்லும், சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகிவிடும் கரிமச் சேர்மங்களின் மொத்த அளவு. மேசை, தடுப்பு எல்லாம் சேர்ந்த ஒரு பணியிடம் என்றால் ஃபார்மால்டிஹைடு நூறு கோடிப் பங்கில் 50க்கு மேல் போகக்கூடாது. நாற்காலிக்கு அதில் பாதி.

மரத்துக்குக் காகிதம் கேட்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூர் காலத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் இவையெல்லாம் ராஜமரம். உங்கள் புரையிடத்தில் நின்றாலும் மரம் சர்க்காருடையது. 1887இல் காட்டுச் சட்டம் வந்தபோது இது இன்னும் இறுகியது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கதை பெரிதாக மாறவில்லை. 1968இன் மரம் கொண்டுசெல்லும் விதிகள், 1994இன் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. ஆசாரியின் மேசை இழுப்பறையில் வனத்துறை பாஸ்கள் நூல் கட்டி அடுக்கியிருக்கும். ஆனால் அந்தக் காகிதமெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: இந்த மரம் எங்கிருந்து வந்தது? இப்போது வந்திருக்கும் காகிதம் கேட்பது வேறு: இந்த மரச்சாமானிலிருந்து என்ன வெளியே வருகிறது?

இந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்றால், அது மரத்தின் கதை அல்ல, பசையின் கதை.

பழைய ஆசாரிமார் மரத்தை மரத்தோடு பிடித்துவைத்தது பெரும்பாலும் பொழி, நாக்கு, மூங்கில் ஆணி, இவற்றால்தான். ஒட்டவேண்டிய இடத்தில் வஜ்ரம். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. மூத்தாசாரி சின்னப் பையனாக இருந்தபோது காலையில் முதல் வேலை வஜ்ரத்தைச் சட்டியில் போட்டுச் சூடாக்குவதுதானாம். "அந்த நாத்தம் இருக்கே, சோறு இறங்காது பாத்துக்கிடுங்க." 1959இல் ஃபெவிகால் வந்தது. வெள்ளைப் பசை, காய்ச்ச வேண்டாம், நாற்றம் இல்லை. வஜ்ரச் சட்டி மூலைக்குப் போனது. ஃபெவிகாலில் இருப்பது தண்ணீரில் கலந்த பாலிவினைல் அசிடேட். நம் விஷயத்தில் வில்லன் அது அல்ல.

வில்லன் வேறு வழியாக வந்தான். 1918 வாக்கில் பிராக் நகரத்து வேதியியலாளர் ஹான்ஸ் யோன், யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துப் பிசின் செய்து காப்புரிமைக்குப் பதிந்தார். மலிவு, நிறம் இல்லை, சூட்டில் சட்டென்று இறுகும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மரத்தூளையும் சீவலையும் இதே பிசினில் குழைத்து அழுத்திப் பலகையாக்கினார்கள். இந்தியாவில் பிளைவுட் முதலில் தேயிலைப் பெட்டிக்காக வந்த சாமான். பிறகுதான் அது அலமாரி, கட்டில், கதவு என்று வீட்டுக்குள் நுழைந்தது. கடையில் எம்.ஆர். பிளை என்று கேட்டு வாங்குகிறோமே, அதை ஒட்டியிருப்பது பெரும்பாலும் இந்த யூரியாப் பிசின்தான். இதில் ஒரு குணக்கேடு உண்டு. ஈரமும் சூடும் பட்டால் பிசின் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து ஃபார்மால்டிஹைடைத் திரும்ப வெளியே விடும், அதுவும் வருஷக்கணக்கில். புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதே, அதை நாம் 'புதுசு வாசனை' என்கிறோம். தண்ணீருக்குப் பயந்து 'மெரைன் பிளை' கேட்டு வாங்குகிறவர்கள், தங்களுக்கே தெரியாமல், இதிலிருந்து பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். அதிலிருப்பது பீனால் பிசின். அது இறுகினால் எளிதில் பிரியாது.

மேலைநாட்டில் இது பிரச்சினையாக வெடித்தது 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு. எரிபொருளை மிச்சம் பிடிக்க ஜன்னல் இடுக்குகளை எல்லாம் அடைத்தார்கள். சுவருக்குள் யூரியா-ஃபார்மால்டிஹைடு நுரையைப் பீய்ச்சினார்கள். காற்றுப் போக வழியில்லாத வீட்டுக்குள் மனிதர்கள் தலைவலி, கண் எரிச்சல் என்று உட்கார்ந்தார்கள். 1977இல் மேற்கு ஜெர்மனியின் சுகாதார அலுவலகம் வீட்டுக் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் ஃபார்மால்டிஹைடு கூடாது என்றது. இன்று பலகைகளில் அச்சடித்திருக்கும் 'இ1' என்ற முத்திரையின் மூலம் அதுதான். கனடா 1980இல் அந்த நுரையைத் தடை செய்தது. அமெரிக்கா 1982இல் தடை செய்ய, அடுத்த வருஷமே நீதிமன்றம் தடையைத் தள்ளிவிட்டது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பட்டியலில் சேர்த்தது.

அதற்கு மறு வருஷம் கத்ரீனா புயல். வீடிழந்தவர்களை அரசாங்கம் டிரெய்லர் வீடுகளில் குடிவைத்தது. சுவர், அலமாரி, கட்டில் எல்லாம் மலிவுப் பலகை. மக்கள் மூச்சுத்திணறல் என்று புகார் சொல்லிச் சொல்லி, கடைசியில் 519 டிரெய்லர்களில் காற்றை அளந்தார்கள். சராசரி நூறு கோடியில் 77 பங்கு. சிலவற்றில் 590 வரை. புயலுக்குத் தப்பி வந்தவர்கள் அலமாரியிடம் மாட்டிக்கொண்டார்கள். சுனாமிக்குப் பிறகு குளச்சல், மணக்குடிப் பக்கம் தற்காலிகக் குடியிருப்புகளில் ஜனங்கள் வெந்ததைப் பார்த்தவன் என்பதால் இந்த இடத்தை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. கலிபோர்னியா 2009 முதல் பலகைகளுக்கு உமிழ்வு வரம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிறகு நாடு முழுக்கச் சட்டமானது.

இந்தியாவுக்கு இந்தச் சிந்தனை பசுமைக் கட்டிடங்கள் வழியாக வந்தது. 2004 ஜூலையில் அப்துல் கலாம் ஐதராபாத்தில் திறந்துவைத்த சொராப்ஜி கோத்ரேஜ் மையம், அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் வாங்கிய முதல் கட்டிடம். சென்னை ஓமந்தூரார் தோட்டத்துச் சட்டமன்றக் கட்டிடம்கூட 2010இல் பசுமைக் கட்டிடம் என்ற பெருமையோடுதான் திறக்கப்பட்டது. இன்று அது ஆஸ்பத்திரி. அது வேறு கதை.

இத்தனையும் படித்துவிட்டு ஒருநாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது. அங்கே ராஜாவின் கட்டில் ஒன்று உண்டு. 64 மூலிகை மரங்களால் செய்தது, டச்சுக்காரர்கள் கொடுத்த பரிசு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 64 என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் கலை என்றாலும் மரம் என்றாலும் 64தான். ஆனால் அதற்குள் இருக்கும் எண்ணம் கவனிக்க வேண்டியது. படுக்கிறவன் உடம்புக்குள் கட்டிலின் மூச்சு போகிறது, ஆகவே மரம் பார்த்துத் தேர்ந்தெடு. அமெரிக்கச் சோதனை அறையின் எண்ணமும் இதுவேதான். இவர்களிடம் அளவு இருக்கிறது, அவர்களிடம் ஐதீகம் இருந்தது. தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூணைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் வருவதில்லை. மரம் சும்மா நிற்கிறது. காற்று அழிகள் வழியாக வந்து போகிறது.

இந்த இடத்தில் 'அந்தக் காலத்து ஆசாரி வேலைதான் உசத்தி' என்று எழுதி முடித்திருந்தால் முகநூலில் நன்றாக ஓடியிருக்கும். உண்மை அவ்வளவு சௌகரியமாக இல்லை. மூத்தாசாரியின் பட்டறையில் கால்கள் தேக்கு, பின்பலகை பிளை. இருபது வருஷமாக அரக்குப் பாலிஷை விட்டுவிட்டு என்.சி. லாக்கர், தின்னர், மெலமைன் என்று மாறிவிட்டார். சீக்கிரம் காயும், பளபளப்பு அதிகம், கட்சிக்காரர்கள் கேட்பதும் அதைத்தான். பாலிஷ் போடும் கொட்டகைக்குள் நான் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. அவர் நாள் முழுக்க நிற்கிறார். பேச்சுக்கு நடுவே வரும் அந்த இருமலுக்கு, "பழைய இருமலாக்கும், கெடக்கட்டு" என்கிறார்.

சான்றிதழின் பெரிய ஓட்டை எனக்குத் தெரிந்தது அங்கேதான். அது அளப்பது ஏழாவது நாள் காற்றை. அலுவலகத்தில் உட்காரப்போகிறவன் மூச்சு அதில் கணக்கில் வருகிறது. முதல் நாள், முதல் மணி நேரம், தின்னர் ஆவி முழுக்க யார் நுரையீரலுக்குப் போகிறதோ அவர் கணக்கிலேயே இல்லை. இன்னொன்று, 50 சதவீத ஈரப்பதம் என்பது நாகர்கோவிலில் வருஷத்தில் எத்தனை நாள் இருக்கும்? இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் இது. சூடும் ஈரமும் கூடினால் பிசின் அதிகமாக உமிழும் என்பது அறிவியலே சொல்வது. அங்கே தேறிய பலகை இங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தத் தாள் சொல்லாது.

சரி, ஆர்டர் என்னாயிற்று? லீட் நான்காம் பதிப்பு விதிகளை வரிவரியாகப் படித்தேன். பூச்சு எதுவும் போடாத திடமரத்துக்குச் சோதனையே வேண்டாம் என்று இருக்கிறது. கல், கண்ணாடி, செங்கல் வரிசையில் மரத்தையும் வைத்திருக்கிறார்கள். ஆசாரி கேட்டது அந்த வகையில் சரிதான். ஆனால் பாலிஷ் இல்லாத மேசையை எந்த அலுவலகம் வாங்கும்? பாலிஷ் போட்டுச் சோதனைக்கு அனுப்பினால் ஆகும் செலவு ஆர்டரின் மொத்த லாபத்தையும் தின்றுவிடும். புது நாற்காலிகள் கைவிட்டுப் போயின. பெரிய கம்பெனி ஒன்றிடமிருந்து அறிக்கையோடு வந்து இறங்கின.

அதற்கு இரண்டு வரி தள்ளி இன்னொரு விதி இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் பழைய மரச்சாமானைத் திரும்பப் பயன்படுத்தினால் அது தேறியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். விட வேண்டியதை எல்லாம் எப்போதோ விட்டிருக்கும் என்பது கணக்கு. கட்டிட உரிமையாளரின் பூர்வீக வீட்டில் ஈட்டி மேசை ஒன்றும் ஆறு நாற்காலிகளும் சும்மா கிடந்தன. அவற்றைச் செப்பனிடும் வேலையாவது ஆசாரிக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆலோசகரிடம் பேசினேன். மெருகுக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டார். கலிபோர்னியாவின் தென்கடற்கரைப் பகுதிக் காற்று வாரியத்தின் பூச்சுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், நிறமற்ற மரப்பூச்சுக்கு லிட்டருக்கு 275 கிராம் வி.ஓ.சி.தான் வரம்பு. அரக்குக்கு மட்டும் தனி வரி, 730 கிராம் வரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு அதற்குள் அடங்கிவிடும். மூத்தாசாரியிடம் சொன்னேன். "எங்கப்பன் போட்ட பாலிஷ அமெரிக்காக்காரன் ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார். பஞ்சும் துணியும் உருட்டிப் பொதி செய்யப் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவனுக்கு ஸ்பிரே கன் மட்டும்தான் தெரியும்.

கடைசியாக ஒரு காகிதம் பாக்கி நின்றது. மேசைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வயசு என்பதற்கு ஆதாரம். பில் கிடையாது, பாஸ் கிடையாது. உரிமையாளரின் அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கல்யாணப் படத்தை எடுத்துத் தந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நிற்க, பின்னால் அதே மேசை, அதே திருகு கால். படத்தின் பின்பக்கம் மைப்பேனாவில் தேதி: 1968. ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். மறுநாள் 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது.