தெருவும் நடப்போர் உரிமையும்: லாஸ் ஏஞ்சல்ஸ் போக்குவரத்துச் சட்டம், 1925

பெருநகரங்களில் நடந்து செல்வோர் சாலையோரத்திற்கு ஒதுக்கப்பட்டமை மோட்டார் வாகனப் பெருக்கத்தின் இயல்பான விளைவாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அமெரிக்க நகரங்களின் வரலாறு இக்கருத்துக்கு மாறானது. 1920களின் தொடக்கத்தில் அங்குத் தெரு அனைவருக்கும் பொதுவானதாகவே கருதப்பட்டது. விபத்து நேர்ந்தால் பழி பெரும்பாலும் ஓட்டுநரையே சார்ந்தது. 1923இல் சின்சினாட்டியில், கார்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல் செல்லாதவாறு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தக் கோரிய மனுவில் ஏறத்தாழ 42,000 பேர் கையெழுத்திட்டனர். கார் வணிகர்களின் கடும் எதிர்ப்பிரசாரத்திற்குப் பின் அக்கோரிக்கை வாக்கெடுப்பில் தோற்றது.

அடுத்துக் கட்டுப்பாட்டின் இலக்கு வாகனத்திலிருந்து நடப்போர்மீது திரும்பியது. 1925இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், மில்லர் மெக்ளின்டாக் வகுத்த போக்குவரத்துச் சட்டத்தை ஏற்றது. நடப்போர் கடவைகளிலேயே சாலையைக் கடக்கவும் சைகைகளுக்குக் கட்டுப்படவும் அது விதித்தது. 1928இல் வெளியான மாதிரி நகராட்சிப் போக்குவரத்துச் சட்டம் இதனைத் தழுவியமையால் இவ்விதி நாடெங்கும் பரவியது. மீறியோர் ‘ஜேவாக்கர்’ எனப்பட்டனர். ‘ஜே’ என்பது நகர வழக்கறியாப் பட்டிக்காட்டானைச் சுட்டிய இழிசொல். நெடுங்கால உரிமையொன்று இவ்வாறு நாகரிகக் குறைவாகவும் குற்றமாகவும் மாற்றப்பட்டது.

2023 சனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள கலிபோர்னியச் சட்டத்தின்படி, வாகனம் மோதும் உடனடி ஆபத்து இல்லாதபோது சாலையைக் கடப்போரைக் காவலர் இக்குற்றத்திற்காகத் தடுத்து நிறுத்த இயலாது. ஆயினும் பழைய விதியின் காலத்தில் உருவான அகன்ற சாலைகளும் தொலைதூரக் கடவைகளும் நீடிக்கின்றன. எனவே நடப்போர் உரிமையின் மீட்பு சட்டத் திருத்தத்தோடு நிறைவுறுவதன்று. சாலை வடிவமைப்பும் மாறவேண்டியுள்ளது.