மறைப்பது வேறு, மறுப்பது வேறு

தரவுத்தளம் தன்னைப் பற்றிய விவரங்களை யாருக்கு, எப்போது காட்ட வேண்டும்? சிறிய கேள்விபோல் தோன்றும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

1970-இல் உறவுநிலை மாதிரியை முன்வைத்த எட்கர் காட், 1985-இல் ஒரு தரவுத்தளத்தை உறவுநிலைத் தரவுத்தளம் என ஏற்பதற்கான விதிகளை வகுத்தார். அவற்றுள் நான்காவது, கேட்டலாக் பற்றியது. எந்தெந்த அட்டவணைகள் உள்ளன, அவற்றின் நெடுவரிசைகள் யாவை என்னும் விவரங்களும் பிற தரவுகளைப் போலவே அட்டவணைகளில் இருக்க வேண்டும். அனுமதி பெற்ற பயனர் அதே வினவல் மொழியால் அவற்றைப் படிக்க இயல வேண்டும் என்பது அதன் சாரம்.

இத்திறந்த தன்மை ஒரு சிக்கலையும் உடன் கொணர்ந்தது. அமைப்பின் பொருள்களும் பயனரின் பொருள்களும் ஒரே வடிவில் இருப்பின், பட்டியல் கேட்பவருக்கு இரண்டும் கலந்தே கிடைக்கும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2002-இல், 7.3 பதிப்பில், ஸ்கீமாக்களை அறிமுகப்படுத்தி, அமைப்பின் பொருள்களைத் தனி ஸ்கீமாவில் வைத்தது. ஆயினும் அதன் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல் சீராக நடந்துகொள்ளவில்லை. அட்டவணைகளைக் கேட்டால் பயனருடையவை மட்டும் வந்தன. செயற்கூறுகளைக் கேட்டாலோ உள்ளமைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவையும் சேர்ந்து திரையில் ஓடின. தாம் எழுதிய நான்கைந்தை அவ்வெள்ளத்தில் தேட வேண்டியிருந்தது.

2009-இல் வெளிவந்த 8.4 பதிப்பு இதற்குப் பொது நெறி கண்டது. வெறுமனே பட்டியல் கேட்டால் பயனர் உருவாக்கியவை மட்டும் வரும். கட்டளையோடு 'எஸ்' என்னும் எழுத்தைச் சேர்த்தால் அமைப்பின் பொருள்களும் வரும். பெயரைக் குறிப்பிட்டுத் தேடினால், அவ்வெழுத்து இல்லாமலேயே அவையும் தேடப்படும்.

இந்த மூன்றாவது கூறே நுட்பமானது. பட்டியல் கேட்பவர் தம் உடைமையைப் பார்வையிட விரும்புகிறார்; அவரிடம் பிறவற்றைக் காட்டாதிருப்பது உதவி. பெயர் சொல்லித் தேடுபவரோ அப்பொருள் உண்டா என வினவுகிறார். உள்ளதை அவரிடம் காட்டாதிருப்பது பொய்யுரைப்பதற்கு ஒப்பாகும்.

கேட்டலாக் அட்டவணைகளை நேரடியாக வினவும் வழி அன்றும் இன்றும் திறந்தே உள்ளது. பிஎஸ்க்யூஎல் கருவியை 'ஈ' என்னும் தெரிவுடன் தொடங்கினால், பட்டியலுக்காகத் தான் பின்னணியில் அனுப்பும் வினவல்களையும் அது காட்டிவிடும். திரை சுருங்கியது, காட் வகுத்த உரிமை சுருங்கவில்லை.